சந்தேகம் வந்த பிறகுதான் வீட்டுக்கு

எங்கள் அண்ணி என்னை நம்பி அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் குளிக்கக்கூடப் போகமாட்டாள். கதவைப் பூட்டினேன் என்றால் எழுந்து போய் இழுத்துப் பார்ப்பாள். சாப்பிட்டாச்சு என்று அண்ணன் சொன்னால், தட்டில் ஈரம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பாள். இப்படி ஒரு பிறவியோடு ஒரே வீட்டில் குப்பை கொட்டுகிறேனே, என் பொறுமைக்கு ஒரு மாலையே போடலாம்.

ஆனால் அவளுக்குச் சம்பளம் கொடுப்பதே அந்தக் குணத்துக்குத்தான். ஊருக்கு வெளியே உள்ள புல்வெளிக் காப்பகத்தில் நாங்கள் மூன்று பேரும் எரிப்புக் குழுவில் வேலை செய்கிறோம். புல்வெளியை அப்படியே விட்டால் முட்புதர் ஏறி மூடிவிடும். தரையோடு பூக்கும் சின்னச் செடியெல்லாம் வெளிச்சமில்லாமல் செத்துப்போகும். அதனால் ஆண்டுக்கு ஒரு துண்டை நாங்களே கொளுத்தி நாங்களே அணைக்கிறோம். பக்கத்துத் துண்டை மட்டும் தொடமாட்டோம். வானம்பாடிகள் முட்டையிட அதுதான் மிச்சம். தெருக்காரர்கள் இதை நம்புவார்களா? "கொளுத்திப் போடுற கும்பல் போகுது பாரு" என்பார்கள். யாருக்கோ நிலத்தைக் காலி பண்ணிக் கொடுக்கிறோம் என்று அவர்களுக்குள் ஒரு பேச்சு.

அண்ணன் தீ வைப்பான். நான் முதுகில் தண்ணீர்ப் பம்பு சுமப்பேன். கடைசியில் அண்ணி வருவாள். கருகிய கட்டை, வேர், காய்ந்த சாணி எதையும் விடாமல் புறங்கையை வைத்துச் சூடு பார்ப்பாள். புகையே இல்லை என்றால் அவளுக்கு இன்னும் சந்தேகம் கூடும். குழுவில் அவளுக்குப் பெயரே சந்தேகம்தான். "தள்ளி நில்லுங்கப்பா, சந்தேகம் வருது" என்று சிரிப்பார்கள். அண்ணன் மட்டும் அப்படிக் கூப்பிட மாட்டான், அவனுக்குப் பிடிக்காது. அவள் தலையாட்டிய பிறகுதான் யாரும் வீட்டுக்குப் போகலாம்.

போன ஆண்டு எரிப்பில், வானம்பாடித் துண்டின் எல்லைக்கோட்டை ஒட்டி ஒரு பழைய மரக்கட்டை. அதற்கு முன்பு ஒரு முறை தீ கோட்டைத் தாண்டியதற்கு அண்ணனுக்கு ஏற்கெனவே ஓர் எச்சரிக்கை வந்திருந்தது. இன்னொன்று வந்தால் வேலை போய்விடும். அதனால் அவனே மண்ணைக் கிளறி, தண்ணீர் ஊற்றி, தொட்டும் பார்த்தான். நான் பக்கத்தில்தான் நின்றேன். அண்ணி குனியப் போனாள்.

"நான் பார்த்துட்டேன்" என்றான்.

"நானும் ஒரு தடவ பார்த்துடறேன்."

"வருஷம் பூரா இதே பாட்டுதானா? கட்டின பொண்டாட்டியே நம்பலன்னா இத்தன பேர் முன்னாடி எனக்கு என்ன மரியாத?"

குழுவினர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்கள். அண்ணன் முகம் சுண்டிப்போய் இருந்தது. அண்ணி நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள்.

"சரி, நம்புறேன்" என்றாள்.

அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து அன்றுதான் கேட்டேன்.

வேருக்குள் ஒளிந்திருந்த கங்கு மண்ணுக்கடியிலேயே ஊர்ந்துபோய், சில நாள் கழித்து, காற்றடித்த ஒரு மதியம் கோட்டுக்கு அந்தப் பக்கம் தலைகாட்டியது. நாங்கள் ஓடிப்போய் அணைப்பதற்குள் வானம்பாடித் துண்டில் பாதி போய்விட்டது. பறவைகள் மேலே சுற்றிச் சுற்றிக் கத்தின. கீழே கூடுகள் இருந்த இடத்தைப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை.

விசாரணைக்கு அதிகாரி வந்தார். வேண்டுமென்றே யாராவது வைத்தார்களோ என்று ஒவ்வொருவர் முகத்தையும் துருவிப் பார்த்தார்.

"அந்தக் கட்டைய கடைசியா பார்த்தது யாரு?"

அண்ணன் வாயைத் திறப்பதற்குள் அண்ணி முந்திக்கொண்டாள். "நான்தான் மேடம். அணைஞ்சிருச்சுனு நெனச்சேன்."

அதிகாரி மறுகேள்வி கேட்கவில்லை. யாரையுமே நம்பாதவள் சொன்ன பொய்யை எல்லோரும் அப்படியே நம்பினார்கள். அவள் முதுகில் பம்பை ஏற்றினார்கள். சூடு பார்க்கும் வேலையை அண்ணனுக்குக் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் அவள் முன்னால் வந்து நின்றான். "நான் பொய் சொல்லல. நெஜமாவே தொட்டுப் பார்த்தேன்."

"தெரியும். உங்கள யாரு சந்தேகப்பட்டா? நெருப்ப நம்ப முடியுமா?" என்று சொல்லிவிட்டு அவள் பாத்திரம் தேய்க்கப் போனாள். அண்ணன் அன்று சாப்பிடவில்லை. அவள் தட்டைத் தொட்டுப் பார்க்கவும் இல்லை.

இந்த ஆண்டு அடுத்த துண்டை எரித்தோம். அண்ணன் ஒவ்வொரு கட்டையிலும் புறங்கையை வைத்தான். கை கொப்பளித்துவிட்டது. அண்ணி பம்போடு பின்னாலேயே நடந்தாள். எல்லாம் முடிந்து குழுவினர் சாமான்களை எடுத்துக்கொண்டு, அவன் தலையாட்டலுக்காகக் காத்திருந்தார்கள். அவன் ஆட்டவில்லை. அத்தனை பேர் முன்னாலும் அண்ணியைத் திரும்பிப் பார்த்தான்.

"சந்தேகம் வரட்டும்" என்றான். "அதுவரைக்கும் யாரும் வீட்டுக்குப் போக வேணாம்."

அண்ணி பம்பை இறக்கி வைத்துவிட்டு முதல் கட்டையிலிருந்து ஆரம்பித்தாள்.