பச்சைத் தழையோடு ஓடிய மாப்பிள்ளை

இந்தப் பாலைவன நாட்டில் நான் வேலை பார்க்கும் இடத்தில் இரண்டு பெரிய தொட்டிகள் உண்டு. ஒன்றின் பெயர் சூட்டுத் தொட்டி, மற்றது குளிர் தொட்டி. குளிர் தொட்டிக்குள் இருக்கும் உப்பே முந்நூறு டிகிரிக்குப் பக்கம் என்றால் உங்களுக்குச் சிரிப்பு வரும். உருகிய உப்பு பார்க்கத் தண்ணீர் மாதிரிதான் இருக்கும். தரையெங்கும் நிறுத்திய கண்ணாடிகள் வெயிலை நடுவில் நிற்கும் கோபுரத்தின் உச்சிக்குத் திருப்பிவிட, குளிர் தொட்டியிலிருந்து அங்கே ஏறும் உப்பு இன்னும் காய்ந்து சூட்டுத் தொட்டிக்கு இறங்கும். பொழுது சாய்ந்த பிறகும் அந்தச் சூட்டில்தான் இங்கே மின்சாரம். வந்த புதிதில் பெயரை நம்பிக் குளிர் தொட்டியின் குழாய்ப் பக்கம் கையை நீட்டினேன். மேற்பார்வையாளர் காலித் என் கையைத் தட்டிவிட்டார். அன்று பிடித்த பயம் இன்னும் விடவில்லை.

போன வருஷம் என் தங்கை செல்வியின் புருஷன் ஏழுமலையையும் இங்கே வரவழைத்தேன். அதிலிருந்து பயம் இரட்டிப்பாகிவிட்டது. காரணம், மாப்பிள்ளைக்குப் பயம் என்பதே கிடையாது. ஜமுனாமரத்தூரிலிருந்து உள்ளே தள்ளி, மலைக்காட்டுக்குள் இருக்கிறது எங்கள் ஊர். வெயில் காலத்தில் சரிவில் புகை தெரிந்தால் பார்த்தவர் கூவுவார். சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தாலும் போட்டது போட்டபடி கிளம்பி, வழியில் பச்சைத் தழையாக ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு ஓடி, வரிசையாக நின்று நெருப்பை அடித்து அணைப்போம். போகாமல் நின்றவனைக் கிண்டல் செய்தே கொன்றுவிடுவார்கள். அந்த ஓட்டத்தில் எப்போதும் மாப்பிள்ளைதான் முதல் ஆள்.

போன மாதம் ஒரு மத்தியானம், குழாய் இணைப்பு ஒன்று கசிந்து, கீழே அடுக்கியிருந்த மரப்பலகைகள் மேல் உப்பு சொட்டியது. பலகை புகைந்தது, பிறகு குப்பென்று பற்றிக்கொண்டது. அந்த உப்பே நெருப்புக்குத் தீனி. சைரன் அலற, "யல்லா, யல்லா!" என்று காலித் எங்களைத் தரையில் போட்ட மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் விரட்டினார். குழாயைக் காலி செய்வது கட்டுப்பாட்டு அறையின் வேலை. எங்கள் வேலை, கொட்டிய உப்பு தானாக உறையும்வரை தள்ளி நிற்பது. அந்தச் சூட்டில் ஈரம் பட்டால் உப்பு வெடித்துத் தெறிக்கும். இதையெல்லாம் மாப்பிள்ளைக்கும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்தான்.

திரும்பிப் பார்த்தால் மாப்பிள்ளையைக் காணோம். வாசலில் வளர்த்திருந்த அரளியில் ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு நெருப்பைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தார். எப்படி ஓடினேனோ தெரியாது, பின்னாலிருந்து இடுப்பைக் கட்டிப் பிடித்தேன்.

"வுடுங்க மச்சான்! எரியுதுல்ல, பாத்துனு நிக்கறீங்க?"

"ஈரத்தழ மாப்ள! பட்டா வெடிக்கும். மூஞ்சி போய்டும், வாங்க!"

கோட்டுக்கு அந்தப் பக்கம் இழுத்து வந்து சேர்த்தேன். தலை எண்ணிக்கொண்டு வந்த காலித் மாப்பிள்ளையின் கையிலிருந்த கிளையைப் பார்த்தார். இன்றோடு வேலை போயிற்று என்று நினைத்தேன். அவரோ இரண்டு கையையும் கூப்பிக் காட்டி, "பூஜா?" என்று மெல்லக் கேட்டார். எங்கள் மலையையும் அதன் நெருப்பையும் அவருக்கு விளக்க என்னிடம் பாஷை இல்லை. ஆமாம் என்று தலையாட்டினேன். மாப்பிள்ளையின் தோளைத் தட்டிவிட்டு அவர் நகர்ந்தார். பலகைகள் எரிந்து முடியும்வரை நாங்கள் நின்றுகொண்டே இருந்தோம்.

அன்று சாயங்காலம் செல்வி போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டார் மாப்பிள்ளை.

"இங்க ஒரு எடத்துல பத்திக்கிச்சு. இன்னா பண்றது, நின்னு பாத்துனு இருந்தோம்."

"இன்னாது? ரெண்டு பேருமா?" விழுந்து விழுந்து சிரித்தாள். "இத ஊர்ல யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. அண்ணா, நீ எப்ப இருந்து இப்டி ஆன?"

இன்று உன் புருஷன் பிழைத்ததே பெரிது என்று சொல்ல வாய்வரை வந்தது. சொன்னால் அவர் ஊர் திரும்பும்வரை அவள் கண் மூட மாட்டாள். அதனால் நானும் சேர்ந்து சிரித்தேன். மாப்பிள்ளை சிரிக்கவில்லை. போனை என்னிடம் கொடுத்துவிட்டு, சுவரைப் பார்த்தபடி தணிந்த குரலில் சொன்னார்:

"அடுத்த தபா என்னப் புடிக்காதீங்க மச்சான்."

செல்வி இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் சிரிப்பை ஒரு கையில் பிடித்திருந்தேன். இன்னொரு கை மாப்பிள்ளையின் சட்டையைப் பிடித்திருந்தது. விடப் பயமாக இருந்தது.