நகம் பதியாத மூன்று தடங்கள்

ஆடு வளர்க்கும் தனலட்சுமியின் பட்டியில் நான்கு ஆடுகள் செத்துக் கிடப்பதாகக் காலை ஏழு பத்துக்குத் தகவல் வந்தது. இரண்டாயிரமாம் ஆண்டுக்குப் பிந்தைய ஒரு மழைக்காலம். அப்போது நான் கால்நடை மருந்தகத்தில் ஆய்வாளர். அந்தப் பட்டி புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில் என் வீட்டிலிருந்து மேற்கே ஒன்பது கிலோமீட்டர். முந்திரித் தோப்பும் புதர்க்காடும் கலந்த செம்மண் மேடு அது.

நான்கு ஆடுகளுக்கும் கழுத்தில்தான் கடி. பட்டியைச் சுற்றிச் சுமார் அறுபது பேர் நின்றார்கள். பாதிப் பேர் காட்டில் சிறுத்தை இருக்கிறது என்றார்கள். மீதிப் பேர் சிரித்தார்கள். "சிறுத்த எதுக்குடா இங்க வரப்போவுது? பாண்டில சரக்கு மலிவுன்னு வருதா?" என்றார் டீக்கடைக்காரர். இருபத்திரண்டு வருட சர்வீஸில் தான் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை என்றார் வனக்காவலர். சிறுத்தை என்று நான் எழுதினால் அவர் கூண்டு கொண்டுவர வேண்டும்.

சிரித்தவர்கள் கைகாட்டியது பக்கத்துப் பட்டி செல்வராசுவின் காவல் நாய் ராணியை. பஞ்சாலை மூடிய பிறகு ஆடு வளர்க்க வந்தவர் செல்வராசு. அவருடைய பதினோரு ஆடுகளில் ஒன்றுக்கும் கீறல் இல்லை. அதுவே குற்றமாகிவிட்டது. "ராணி ரெண்டு நாளா அந்தக் காட்டப் பாத்தே கொலைக்குது சார். அதுக்கு என்னமோ தெரியுது" என்று என்னிடம் மட்டும் சொன்னார்.

ஈரமண்ணில் தடங்களை எண்ணினேன். நாற்பத்தொன்று. நாய்க்கு நகம் பதியும். சிறுத்தை நகத்தை உள்ளிழுத்து நடக்கும். முப்பத்தெட்டில் நகம் இருந்தது, மூன்றில் இல்லை. அந்த மூன்றும் சற்று அகலம். ஆனால் நாயின் காலும் சில நேரம் நகம் பதியாமல் விழும். முப்பத்தெட்டு பெரிதா, மூன்று பெரிதா? காவல் நாய் பிறகு வந்து ஓடியோடித் துரத்தியிருந்தாலும் இத்தனை தடம் விழும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. எண்ணிக்கையை என் சொந்தக் குறிப்பேட்டில் எழுதினேன். அறிக்கையில் ஒரே வரிதான்: நாய் கடித்ததால் இறப்பு.

ஐந்தாம் நாள் செல்வராசு ராணியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு மருந்தகத்துக்கு வந்தார். நாயை ஒழிக்காவிட்டால் அவர் ஆடுகளை மேய்ச்சலுக்கு விடமாட்டோம் என்று ஊரில் சொல்லிவிட்டார்களாம். யாராவது கல்லால் அடித்துக் கொல்வதற்கு ஊசி மேல் என்றார். டாக்டர் தயங்கினார், என் அறிக்கையை வாங்கிப் படித்தார், பிறகு மருந்தை எடுத்தார். ராணியின் முன்னங்காலைப் பிடித்துக்கொண்டது நான். அது என் கையை நக்கியது.

பன்னிரண்டு நாள் கழித்து செல்வராசுவின் பட்டியிலேயே இரண்டு ஆடுகள் போயின. ஒன்று கழுத்துக் கடியோடு கிடந்தது. மற்றதைக் காணவில்லை, காட்டுப் பக்கம் இழுத்துப்போன கோடு மட்டும் இருந்தது. தடங்கள் ஒன்பது. ஒன்றிலும் நகம் இல்லை.

செல்வராசு பக்கத்தில் குந்தி உட்கார்ந்து நான் எண்ணுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கும் இப்புடித்தான எண்ணுனீங்க?"

"ஆமா."

"நகம் இல்லாதது இருந்துச்சா சார்?"

"மூணு இருந்துச்சு."

"அறிக்கைல எழுதுனீங்களா?"

இல்லை என்றேன். அவர் திட்டவில்லை. முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து, செத்த ஆட்டைப் புதைக்கக் குழி வெட்டப் போனார்.

இந்த முறை கூண்டு வந்தது. பதினெட்டு நாள் வைத்திருந்தார்கள், ஒன்றும் விழவில்லை. ஆடு சாவதும் நின்றுவிட்டது. அங்கே சிறுத்தை இருந்ததா என்று இப்போதும் கேட்கிறார்கள். தெரியாது என்கிறேன். அன்றைக்கும் எனக்குத் தெரியாதுதான். அதை எழுத அறிக்கையில் இடமும் இருந்தது.

இந்த வேலைக்கு இப்போது வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். முடிவை எழுதும்போது, அந்த முடிவுக்கு ஒத்துவராதவற்றையும் பக்கத்திலேயே எழுதுங்கள். மூன்று தடங்கள் என்று ஒரு வரி இருந்திருந்தால், டாக்டர் அன்று ஊசியைக் கீழே வைத்திருப்பார்.