கட் செய்த வரி

அலுவலகக் கம்ப்யூட்டரில் ஒரு வரியைக் கட் செய்த நேரத்தில் வீட்டு ஓனர் போன் செய்தார். "அடுத்த மாசம் வீட்டைக் காலி பண்ணிக் குடுத்துடுங்க சார்."

பல வருடங்களுக்கு முன், நெய்வேலியில் அப்பா மைன்ஸிலிருந்து ரிட்டயரான சமயம். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். வேறு வீடு அமையவில்லை. கரித்தூசி படிந்த அட்டைப்பெட்டிகள் வீடெங்கும். இன்னும் மூட்டை கட்டாத கம்ப்யூட்டரில் அக்கா எனக்குப் பாடம் எடுத்தாள். கட் அழுத்தியதும் திரையிலிருந்த என் பெயர் மறைந்தது.

துடைப்பமும் கையுமாக அம்மா ஓடி வந்தாள். "எங்கடி போச்சு?"

"உள்ளதான்மா இருக்கு. வேணுங்கற எடத்துல ஒட்டிக்கலாம்."

"அதுவரைக்கும் எங்கடி இருக்கும்?"

அம்மா துடைப்பத்தால் அட்டைப்பெட்டிகளைக் காட்டினாள்.

"போற எடம் தெரியாம எடுக்காதடி. சீக்கிரம் போடு!"

இன்று போனை வைத்ததும் அவசரமாக ஒட்டினேன். வரிக்காவது இடம் கிடைத்தது.