ராஜாவின் வலது தோள்

எனக்குப் பொறாமை. முதல்லயே போட்டு உடைச்சிடறேன். அப்புறம் நீங்களா கண்டுபிடிச்சு மூக்கு மேல விரல் வைக்க வேண்டாம்.

யார் மேலன்னா, என் ஓரகத்தி மேல. என் கொழுந்தனோட பொண்டாட்டி. ஒரே வீடு, ஒரே சமையல்கட்டு, ஒரே பஸ், ஒரே பொம்மைக் கம்பெனி. கம்பெனில அவளைப் 'பஞ்சு'ன்னு கூப்பிடுவாங்க. கை அவ்வளவு மெத்துனு இருக்குமாம். நான் எல்லாத்தையும் இடது கையால செய்யறவ, அதனால என்னைப் 'பீச்சாங்கை அக்கா'ம்பாங்க. பேர் வைக்கறதுலயே பாருங்க ஓரவஞ்சனையை.

போன மாசம், "கம்பெனில மலர் போடறோம், பஞ்சுவைப் பத்தி ஒரு பக்கம் எழுதிக் குடுங்க, நீங்கதானே கூடவே இருக்கீங்க"ன்னு கேட்டாங்க. எழுதிக் குடுத்தேன். நல்லவ, உழைப்பாளி, சிரிச்ச முகம். அதுல ஒரு வார்த்தை பொய் கிடையாது. ஆனா எழுதாம விட்டது நிறைய இருக்கு. அது இது.

அவ எங்க வீட்டுக்கு வந்து ஒன்பது வருஷம் ஆச்சு. வந்தப்ப அவளுக்கு இருபத்தேழு, எனக்கு முப்பத்தொண்ணு. அம்மாவுக்கு உடம்பு சரியில்லாம பத்தாவதோட படிப்பை நிறுத்திட்டு, ஒரு வாட்ச் கடைல பேட்டரி மாத்திக்கிட்டு இருந்தவ. கல்யாணமான நாலாவது நாள், சுத்தாமக் கிடந்த எங்க மிக்சியைக் கழட்டி, ஒரு ஹேர்பின்னை வச்சு என்னமோ நோண்டினா. அது சுத்த ஆரம்பிச்சிடுச்சு. ரெண்டு வருஷமா "பார்க்கறேன், பார்க்கறேன்"னு சொல்லிக்கிட்டிருந்த என் வீட்டுக்காரர் முகத்துல ஈயாடல. மாமியார் உடனே, "இவ கைராசிக்காரி"ன்னாங்க. எட்டு வருஷமா அந்த மிக்சிலயும், அது நின்னப்புறம் அம்மிலயும் அரைச்சுப் போட்டவ நான். எனக்கு ஒரு ராசியும் கிடையாது!

அப்புறம், "அக்கா, உங்க கம்பெனில எனக்கும் ஒரு வேலை கேட்டுப் பாருங்களேன்"னு கேட்டா. நானே கூட்டிக்கிட்டுப் போனேன். சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கறதுன்னா இதுதான்.

எங்க கம்பெனி ஓடறதே ராஜாவாலதான். ராஜான்னா ஒரு மஞ்சள் ரோடு ரோலர். முன்னாடி உருளை, பின்னாடி ரெண்டு பெரிய சக்கரம். பதினோரு தடவை மடக்கித் திருப்பினா எழுந்து நிக்கற ரோபோ. பதினெட்டு வருஷத்துக்கு முன்னாடி அவன் முதல் முதலா வந்தப்ப, மாதிரி மேசைல உக்காந்தது நான்தான். மாதிரி மேசைன்னா, டிசைனர் செஞ்சு குடுக்கற பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எதை முதல்ல எடுக்கணும், எது அடுத்து வரணும்னு முடிவு பண்ற இடம். அந்த மேசைல உக்காந்தவ கை எப்படிப் போகுதோ, அப்படியேதான் டப்பாக்குள்ள வைக்கற காகிதத்துல படம் போடுவாங்க.

அந்தக் காகிதத்துல இருக்கறது என் கை. படம் வரைஞ்சவர் ரொம்ப நேர்மையானவர், வளைஞ்ச என் சுண்டுவிரலைக்கூட விடல. நான் பீச்சாங்கைக்காரி, அதனால இடது பக்கத்துல ஆரம்பிச்சேன். அந்த வசதிக்காகவே உள்ள இருக்கற கொக்கியையும் இடது தோள்ல வச்சாங்க. எத்தனை வீட்ல எத்தனை பிள்ளைங்க என் கையைப் பார்த்து ராஜாவைத் திருப்பியிருக்கும்! அந்தக் காகிதம் ஒண்ணு இன்னிக்கும் எங்க வீட்டு அலமாரிக் கதவுக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கு. யார் வந்தாலும் கதவைத் திறந்து, "இது யார் கை தெரியுமா?"ன்னு கேட்பேன். பஞ்சு அதை நூறு தடவை கேட்டிருப்பா. நூறு தடவையும் புதுசாக் கேக்கற மாதிரி முகத்தை வச்சுக்குவா. அதுக்கும் எனக்குக் கோவம் வரும்.

இந்த வருஷம் ராஜாவைப் புதுசாப் பண்றாங்கன்னு சொன்னாங்க. அதே மஞ்சள், அதே முறைப்பு, ஆனா இருபத்தாறு திருப்பு. கண்ணுல லைட் எரியும், உருளை நெஞ்சுக்குள்ள இறங்கிக் கவசமாகும். எனக்குத் தலைகால் புரியல. மாதிரி மேசைக்கு என்னைத்தான் கூப்பிடுவாங்கன்னு நகத்தைக்கூட அளவா வெட்டி வச்சிருந்தேன்.

சூப்பர்வைசர் வந்தார். என் மேசையைத் தாண்டிப் போனார். "பஞ்சு, நாளைல இருந்து மேல மாதிரி மேசைக்கு வந்துடும்மா"ன்னார். திரும்பி என்கிட்ட, "சின்னச் சின்ன ஜாயின்ட், மெத்துனு இருக்கற கை வேணும். தப்பா எடுத்துக்காதீங்க"ன்னார். தப்பா எடுக்காம எப்படி எடுக்கறது?

பஞ்சு பஸ்ல வரும்போது, "அக்கா, நான் மாட்டேன்னு சொல்லிடட்டுமா?"ன்னு கேட்டா. "ஏன், எனக்குப் பிச்சை போடறியா?"ன்னேன். அப்புறம் அவளே ஜன்னலைத் திறந்துவிட்டு, "காத்து வருதா அக்கா?"ன்னா.

ரெண்டு மாசம் அவ மேல இருந்தா. வீட்ல எல்லாரும் அவளைத் தாங்கு தாங்குன்னு தாங்கினாங்க. என் பொண்ணே, "சித்தி, உங்க கையை போட்டோ எடுப்பாங்களா?"ன்னு கேட்டா. பெத்தவளோட கை அலமாரிக் கதவுல ஒட்டிக்கிட்டுப் பல்லிளிக்குது.

ஒரு புதன்கிழமை புது ராஜா மெஷின்ல வார்த்து முதல் தடவையா கீழ வந்தான். முப்பது பொம்மை என் மேசைக்கு வந்துச்சு. கூடவே பஞ்சுவோட கையைப் பார்த்துப் போட்ட வழிமுறை. அவ வலது கைக்காரி, வலது பக்கத்துல ஆரம்பிச்சிருந்தா. நானும் அப்படியே திருப்பினேன். நாலாவது பொம்மைல வலது தோள் 'டிக்'னுச்சு. பார்த்தா, தோள் பின் ரெண்டாப் போயிருந்தது. ஒன்பதாவதுல ஒண்ணு, பன்னிரண்டாவதுல ஒண்ணு.

எனக்கு உடனே புரிஞ்சிடுச்சு. பழைய கொக்கி அதே இடது தோள்லதான் இருக்கு. ராஜாவோட இடது கையை முதல்ல வெளிய எடுத்தா கொக்கி விட்டு உருளை இறங்கிடும், அப்புறம் வலது கை தானா வரும். வலதை முதல்ல இழுத்தா, உருளையோட இழுப்பு மொத்தமும் அந்தப் பின் மேல. மேல பஞ்சுகிட்ட இருந்தது கையால செஞ்ச கெட்டியான மாதிரிப் பொம்மை. அது தாங்கிடுச்சு, மெஷின்ல வார்த்தது தாங்கல. மீதியை நான் என் வழில இடது பக்கத்துல ஆரம்பிச்சுத் திருப்பினேன். ஒண்ணுகூட உடையல.

உடைஞ்சதைச் சிவப்புத் தொட்டில போடணும். மேசை நம்பர் எழுதின சீட்டையும் கூடப் போடணும். பதினெட்டு வருஷமா அதுல நான் ஒரு தடவைகூடத் தப்பினது இல்ல.

மறுநாள் பதினோரு மணிக்குப் பெரிய கடைக்காரங்க ஆறு பேர் வராங்க. அவங்க முன்னாடி மெஷின் பொம்மையை எடுத்துப் பஞ்சு திருப்பிக் காட்டணும். நல்லபடியா முடிஞ்சா, மாதிரி மேசை அவளுக்கே, காகிதத்துல அவ கை. எல்லார் முன்னாடியும் ராஜாவோட தோள் கையோட வந்துச்சுன்னா? மேசை திரும்ப என்கிட்டதான் வரும்.

மூணு உடைஞ்ச பொம்மையையும் துணியில சுத்தி, என் சாப்பாட்டுப் பைல டப்பாவுக்கு அடில வச்சேன். சீட்டு எழுதல. யார்கிட்டயும் சொல்லல.

அன்னிக்கு வீட்ல டப்பா கழுவற முறை என்னோடது. "எனக்குத் தலைவலி"ன்னு பையை அப்படியே போட்டுட்டுப் போய்ப் படுத்துட்டேன். தலைவலியெல்லாம் ஒண்ணும் இல்ல. அவ முகத்தைப் பார்க்க முடியல, அவ்வளவுதான்.

காலைல எழுந்தா அவ இல்ல. முந்தின பஸ்ஸுக்கே கிளம்பிட்டான்னாங்க. பயம் போல, போய்ப் பழகட்டும், எவ்வளவு பழகினாலும் அந்தத் தோள் பின் உடையத்தானே போகுதுன்னு நினைச்சுக்கிட்டேன். சமையல்கட்டுல என் பை கட்டித் தயாரா இருந்தது. அதைத் திறந்துகூடப் பார்க்கல. அடில இருக்கறதைப் பார்க்கற தைரியம் எனக்கு இல்ல.

பதினோரு மணிக்கு எங்களையும் ஹால் ஓரமா நிக்க வச்சாங்க. நடுவுல ஒரு மேசை, மேல மஞ்சளா ராஜா. பஞ்சு புதுத் துணி போட்டிருந்தா. என் கண்ணு அந்த வலது தோள் மேலயே இருந்தது. உடை, உடைன்னு மனசு சொல்லிச்சு. நிஜமா அப்படித்தான் சொல்லிச்சு, நான் ஏன் மறைக்கணும்?

அவ இடது பக்கத்துல கை வச்சா.

வலது கைக்காரி, கையைக் குறுக்கப் போட்டு, நாக்கைத் துருத்திக்கிட்டு, தடவித் தடவி ராஜாவோட இடது கையை வெளிய எடுத்தா. கொக்கி விட்டுச்சு, உருளை இறங்கிச்சு, வலது தோள் பூ மாதிரி வந்துச்சு. இருபத்தாறு திருப்பு. கண்ணுல லைட் எரிஞ்சுது. கடைக்காரங்க கை தட்டினாங்க.

அதுல ஒரு வயசான கடைக்காரர், "ஏம்மா, உனக்கு இந்தப் பக்கம் சுலபமா வரலையே, அப்புறம் ஏன் அங்க ஆரம்பிக்கற?"ன்னு கேட்டார்.

"பழைய ராஜாவையும் இப்படித்தான் சார் திருப்புவாங்க. அது எங்க அக்கா கை போன வழி. அதோ நிக்கறாங்க"ன்னு என்னைக் காட்டினா.

எல்லாரும் திரும்பினாங்க. அந்தக் கடைக்காரர், "அட, ஆமா! என் பையன் இப்படித்தான் திருப்புவான்"னு சந்தோஷமா சிரிச்சார். நானும் பல்லைக் காட்டி வச்சேன்.

முடிஞ்சதும் சூப்பர்வைசர் என்கிட்ட வந்து கையைப் பிடிச்சுக்கிட்டார். "நல்ல நேரத்துல காப்பாத்தினீங்க. காலைல உங்க சீட்டைப் பார்த்ததும் டிசைனருக்கு வேர்த்துப் போச்சு. அச்சுல அந்தப் பின்னைத் தடிமனாக்கச் சொல்லியாச்சு. பிள்ளைங்க எந்தப் பக்கம் இழுத்தாலும் இனிமே உடையாது"ன்னார்.

என்ன சீட்டு? நான் எங்க எழுதினேன்?

என் மேசைக்கு ஓடினேன். பையைத் திறந்தேன். டப்பா பளபளன்னு இருந்தது. அடில ஒண்ணும் இல்ல. துணி மட்டும் துவைச்சு நாலா மடிச்சு வச்சிருந்தது. சிவப்புத் தொட்டியைப் போய்ப் பார்த்தேன். மூணு ராஜாவும் தோள் இல்லாம படுத்திருந்தாங்க. மேல சீட்டு. பஞ்சுவோட கையெழுத்து, என்னோட மேசை நம்பர்.

என் முறை டப்பாவை அவ கழுவியிருக்கா. பையைத் திறந்திருக்கா. என்னன்னு பார்த்ததும், நான் ஏன் ஒளிச்சு வச்சேன்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கும். அவ ஒண்ணும் சின்னக் குழந்தை இல்ல. அலமாரிக் கதவைத் திறந்து என் கையைப் பார்த்திருக்கா. விடிஞ்சதும் கிளம்பி வந்து, வராத பக்கத்துல கையை வளைச்சு வளைச்சுப் பழகியிருக்கா.

நேரா என்கிட்ட வந்து, "ஏன் இப்படிப் பண்ணினீங்க?"ன்னு நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். வீட்ல சொல்லி என் மானத்தை வாங்கியிருக்கலாம். அப்படிச் செஞ்சிருந்தா நானும் ஒரு சண்டை போட்டு, பாத்திரத்தை உருட்டி, ரெண்டு நாள்ல ஆறியிருப்பேன். ஒண்ணும் கேக்கல. மேசையையும் அவளே எடுத்துக்கிட்டா, நல்லவளாவும் அவளே இருந்துட்டா. எனக்குன்னு என்ன மிச்சம் வச்சா, சொல்லுங்க?

சாயங்காலம் பஸ்ல பக்கத்துல வந்து உக்காந்தா. போட்டோ அடுத்த வாரம் எடுக்கறாங்களாம். நகம் எப்படி வெட்டணும்னு கேட்டா. சொன்னேன். மன்னிப்புக் கேக்கணும்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு, வெளிய வரல.

வீட்டுக்கு வந்ததும் ரெண்டு பையையும் அவ கைல இருந்து வெடுக்குனு பிடுங்கினேன். "நேத்து என் முறையை நீ செஞ்சே. இன்னிக்கு நான் கழுவறேன்"னேன்.

அவ குழாயைத் திறந்துவிட்டுட்டு, என் முகத்தைப் பார்க்காமலே கேட்டா, "தலைவலி போயிடுச்சா அக்கா?"

நான் டப்பாவைத் தேய்ச்சுக்கிட்டே இருந்தேன். ரெண்டாவது டப்பாவையும் கவுத்து வச்சதும், "இன்னும் இல்ல"ன்னேன்.