பின்தெருவில் தொடங்கும் கதை

ஈரம் சொட்டும் ஆறு தேக்குப் பலகைகள் இன்றும் என் கண்ணுக்குள் சாய்ந்து நிற்கின்றன. கொத்தமங்கலத்தில் ஒரு பழைய வீட்டை மழைக்காலத்தில் பிரித்தபோது நான் விலைக்கு எடுத்தவை. பிள்ளை பிறந்தது, வில் ஒடித்தது, கல்யாணம், காட்டுப் பயணம், கடலில் பாலம், பட்டாபிஷேகம் என்று இதிகாசக் கதை முழுவதையும் அவற்றில் செதுக்கியிருந்தார்கள். நனைந்த மரத்தில் காட்டின் இலைகள் அசைவதுபோல இருந்தது.

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். சாந்துச் சட்டி சுமந்தவன், பிறகு காரைக்குடியைச் சுற்றி எத்தனையோ பேருக்கு வீடு கட்டிக் கொடுத்தேன். என் கை படாத தெரு உண்டா என்று யாரையும் கேட்டுப் பாருங்கள். அப்படிப்பட்டவன் தனக்கென்று கட்டிய வீடு முன்தெருவில் ஆரம்பித்துப் பின்தெருவில் முடியும். இங்கே பெரிய வீடுகள் அப்படித்தான். மகள் கல்யாணத்தை அங்கேதான் நடத்துவதென்று இருந்தேன். வருகிறவர்கள் நுழையும்போதே மலைக்க வேண்டுமென்று பட்டாபிஷேகத்தை முன்வாசலுக்கு மேல் பதித்தேன். அதிலிருந்து உள்ளே மற்றவற்றைப் பதித்துக்கொண்டே போனதில், பிள்ளை பிறந்தது பின்வாசலுக்கு வந்து சேர்ந்தது.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு, கதவு வேலைக்கு வந்த என் கூட்டாளி ஆசாரி, அண்ணாந்து பார்த்தபடி வீடு முழுவதும் நடந்தார். திரும்பி வந்தபோது முகத்தில் சிரிப்பு.

"என்னண்ணே, உங்க வீட்டுல ராசா முடி சூட்டிக்கிட்டுல்ல காட்டுக்குப் போறாக?"

"பாக்குறவன் அசந்து போவான்யா. கட்டுன எனக்குத் தெரியாதா?"

"கட்டுனது நீங்க. கொத்தமங்கலத்து வீட்டப் பிரிச்சது நாந்தானே. அங்க நடக்க நடக்கக் கதை வளரும். இங்க தேயுது. பொண்ணும் மாப்பிள்ளையும் முடியில ஆரம்பிச்சுக் காட்டுக்குள்ளயா போகணும்?"

ஓடிப்போய் ஒரு பலகையை அசைத்துப் பார்த்தேன். பலகைகள் சுவரில் இறுகிவிட்டன, பெயர்த்தால் பிளந்துவிடும்.

"பலகைய ஏன் தொடுறீக? ஆளுகள மாத்துங்க. பின்தெருவுல பந்தலப் போட்டு, எல்லாரையும் அங்குட்டு வரச் சொல்லுங்க."

ஊரே வாய்பிளக்கக் கட்டிய முகப்பைச் சாத்திவிட்டு, சம்பந்தியைக் கொல்லை வழியாக அழைப்பதா? அன்றைக்குப் பந்தலை முன்வாசலிலேயே போடச் சொன்னேன். மறுநாள் மகள் முகத்தைப் பார்த்தேன். பந்தல்காரரைப் பின்தெருவுக்கு அனுப்பினேன்.

கல்யாணத்தன்று பின்தெருவில் வந்து இறங்கிய மாப்பிள்ளையின் அப்பா கேட்டார்: "என்ன சம்பந்தி, கொல்லைப் பக்கமாக் கூப்பிடுறீக? முன்வாசல் இன்னும் காயலையா?"

கூட்டமே சிரித்தது. பின்வாசலுக்கு மேலே, பிள்ளை பிறந்த பலகையைக் கையால் காட்டினேன். சிரிப்பு மெல்ல அடங்கியது. சந்தன வாசத்துக்கும் முற்றத்து வெயிலுக்கும் நடுவே, தூக்கத்தில் நடப்பவர்களைப்போலக் கதையோடு நகர்ந்தார்கள். நடப்பது இவர்களா, மேலே இருப்பவர்களா என்று எனக்கே பிடிபடவில்லை. மகளும் மாப்பிள்ளையும் மாலை மாற்றிக்கொண்டது கல்யாணப் பலகைக்குக் கீழே.

சாயங்காலம் மகளை அனுப்பும் நேரம் வந்தது. வந்த வழியே திரும்பினால் கதையும் திரும்பிவிடும். அவள் காட்டைக் கடந்தாள், பாலத்தைக் கடந்தாள். ஆசாரி முன்வாசலின் இரண்டு கதவையும் விரியத் திறந்து பிடித்தார். பட்டாபிஷேகத்துக்குக் கீழே என் மகள் நிமிர்ந்து வெளியே போனாள்.

இன்றும் வீடு பார்க்க வருகிறவர்களைப் பின்தெருவுக்குத்தான் அனுப்புகிறேன். அவ்வளவு ஆசையாக நான் வைத்த முன்வாசல் வருகிறவர்களுக்கு இல்லை. அது போகிறவளுக்காக இருந்திருக்கிறது.