அண்ணன் வண்டியின் சத்தம்

பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோனுக்குப் போன அண்ணன் திரும்பவேயில்லை. அவன் விட்டுப்போன மோட்டார் சைக்கிளை நான் ஓட்டினேன். அதன் கடகட சத்தம் தெருமுனையில் கேட்டதுமே அம்மா அடுப்படியிலிருந்து வாசலுக்கு ஓடிவருவாள்.

ஒருநாள் வண்டி நடுவழியில் நின்றுவிட்டது. தலத்தெருவில் கடை வைத்திருந்த மெக்கானிக் என்ஜினைப் பிரித்துப் பார்த்தார். "பிஸ்டன், சிலிண்டர் எல்லாம் தேஞ்சுபோச்சு தம்பி. புதுசா மாத்தணும், ரொம்பச் செலவாகும்."

விற்றுவிடலாம் என்றேன். அம்மா வளையல்களைக் கழற்றி நீட்டினாள். "அந்தச் சத்தம் கேக்கலைன்னா எனக்குச் சோறு எறங்காதுடா."

புதுசாக்கிய என்ஜின் கடகடப்பில்லாமல் மெல்லிய உறுமலோடு ஓடியது. பெருமையாக வந்து வாசலில் நிறுத்தினேன். அம்மா வெளியே வரவில்லை. உள்ளிருந்தே குரல் கொடுத்தாள்.

"யாருங்க?"

எதை மாற்றிவிட்டு வந்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

இப்போதெல்லாம் அந்த வேற்றுச் சத்தம் அம்மா காதில் விழாதபடி தெருமுனையிலேயே என்ஜினை அணைத்துவிட்டு, வண்டியை உருட்டிக்கொண்டுதான் வீட்டுக்கு வருகிறேன்.