மஞ்சள் கரு கரையும் வரை

தொண்ணூற்றொன்றில் அக்கா பிளஸ் டூ பரீட்சை எழுதி முடித்ததும் அப்பா ஒரு நிபந்தனை போட்டார். மண்ணூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் அவள் ஆசைப்படி கறிக்கோழி வளர்க்கலாம். முதல் ஈட்டுக் குஞ்சுகள் தேறினால் காலேஜ், இல்லையென்றால் கல்யாணம். மாப்பிள்ளை தயாராக இருந்தார்.

அக்கா கொட்டகையில் உமி பரப்பி, குண்டு பல்பு தொங்கவிட்டு, மக்காச்சோளத்தை உடைத்துக் குருணையாக்கி வைத்தாள். அப்பா பட்டணத்துக்குக் குஞ்சு வாங்கப் போன அன்று இரவுதான் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்தது. பஸ் ஓடவில்லை. அட்டைப்பெட்டிகளோடு பூந்தமல்லியில் மாட்டிக்கொண்டவர் இரண்டு நாள் கழித்து ஒரு காய்கறி லாரியில் வந்து இறங்கினார். நாடே அழுதுகொண்டிருந்தது. நாங்களோ குஞ்சுகள் உயிரோடு வந்துவிட்டன என்று குதித்தோம்.

அக்கா குருணையை அள்ளினாள். அப்பா தடுத்தார். அவர் கோழி வளர்த்ததே இல்லை. ஆனால் கோழியைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை.

“இன்னாத்துக்கு அவசரம்? வயித்துல மஞ்சக்கரு கீது. அது கரையறதுக்கு முன்ன தீனி போட்டா பொருமிக்கும். தண்ணி மட்டும் வையி, நாளைக்கிப் பாத்துக்கலாம்.”

“கத்துதுங்கப்பா.”

“குளிருக்குக் கத்துது.”

அக்கா குருணையைத் திரும்பப் பானையில் கொட்டினாள்.

குஞ்சுகள் பெரும்பாலும் பிழைத்துக்கொண்டன, வளரத்தான் இல்லை. றெக்கை தொங்கி, ஒரு கைப்பிடிக்குள் அடங்கும் அளவிலேயே நின்றன. கால்நடை டாக்டர் வந்து, செத்த குஞ்சு ஒன்றை அறுத்துக் காட்டினார். மெலிந்த குடலுக்குப் பக்கத்தில் மஞ்சள் கரு கரையாமல் அப்படியே இருந்தது.

“தீனி உள்ள போனாத்தாம்மா குடல் வளரும், கருவும் சீக்கிரம் கரையும். வந்து எறங்குனதுமே போட்டிருக்கணும்.”

அக்கா நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். “மத்ததெல்லாம் உயிரோட தான கீது” என்று சொல்லிவிட்டு அப்பா வெளியே போனார்.

தேறாத குஞ்சுகளை வந்த விலைக்குத் தள்ளிவிட்டார் அப்பா. ஆவணியில் கல்யாணம். எனக்குப் புதுப் பாவாடை கிடைத்ததில் தலைகால் புரியவில்லை. அன்று காலை கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தேன். கூறைப்புடவையோடு அக்கா நின்று, மிச்சமிருந்த குருணையை வெறும் உமியின் மேல் தூவிக்கொண்டிருந்தாள்.

“குஞ்சே இல்லியே, யாருக்குக்கா போடற?”

அவள் பானை காலியாகும் வரை தூவினாள். நான் அதை வீடு முழுக்கச் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தேன். அப்பா மட்டும் சிரிக்காமல் எழுந்து கொட்டகைப் பக்கம் போனார். நல்ல குருணை வீணாகிறதே என்று அள்ளப் போகிறார் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.